தேரும் முட்டுக்கட்டையும்

1974 டிசம்பர் 19 அன்று புளோரிடா கடற்கரையில் இருக்கும் கேப் கனாவரலிலிருந்து ஓர் அமெரிக்க டெல்டா ராக்கெட் கிளம்பியது. அது சுமந்து சென்ற செயற்கைக்கோளின் பெயர் சிம்ஃபனி. பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் கூட்டாகக் கட்டியது. தொலைபேசிப் பேச்சையும் தொலைக்காட்சிப் படத்தையும் கண்டம் விட்டுக் கண்டம் கடத்த வல்லது. அதை மேலே கொண்டுபோய்விட ஐரோப்பாவிடம் ராக்கெட் இல்லை. அமெரிக்கா தர ஒப்புக்கொண்டது, ஒரு நிபந்தனையோடு: சிம்ஃபனியைச் சோதனைகளுக்கு மட்டுமே பயன்படுத்தலாம், வைத்துத் தொழில் நடத்தக் கூடாது. அன்று செயற்கைக்கோள் தொலைத்தொடர்பு வணிகம் இன்டெல்சாட் என்ற சர்வதேச அமைப்பின் கையில் இருந்தது. அந்த அமைப்பில் அமெரிக்காவின் குரலே ஓங்கி ஒலித்தது. ஏணியை இரவல் தருகிறோம், மரத்தில் ஏறியும் பாருங்கள், காய் பறிப்பது மட்டும் வேண்டாம் என்கிற கதைதான். நட்பு நாடு, காசையும் வாங்கிக்கொண்டு விதித்த நிபந்தனை இது என்பதால் பாரிஸிலும் மேற்கு ஜெர்மனியின் தலைநகரான பானிலும் அது ஆழமாகத் தைத்தது.

இன்று பிரஸ்ஸல்ஸ் ஆவணங்களில் 'வியூகத் தன்னாட்சி' என்ற சொல் அடிக்கடி தென்படுகிறது. பாதுகாப்பிலும் தொழில்நுட்பத்திலும் பிறர் தயவை எதிர்பாராமல் ஐரோப்பிய ஒன்றியம் தானே முடிவெடுத்து, தானே செயல்பட வேண்டும் என்பது அதன் பொருள். சொல் புதிது, ஆசைக்கு 70 வயதுக்கு மேல் ஆகிறது. இந்த 70 ஆண்டு வரலாற்றில் ஒரு விசித்திரம் உண்டு. ராணுவம், வெளியுறவு என்று நேர்வழியில் தன்னாட்சியைத் தேடியபோதெல்லாம் ஐரோப்பா வெறுங்கையோடு திரும்பியது. தொலைத்தொடர்பு, போக்குவரத்து, விமான வணிகம் என்று வேறு பெயர் சூட்டிப் பக்கவாட்டில் நுழைந்தபோது ஏதோ கைகூடியது. இதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. தேர் இழுக்க ஊரே வடம் பிடிக்கலாம். வீதி திரும்பும் முனையில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுப்பவர்கள் சிலர்தான். அவர்கள் கொடுக்கிற கட்டையில்தான் தேரின் திசை இருக்கிறது. ஒன்றியம் என்ற அமைப்போ எல்லாரையும் சமமாக நடத்துவதாக வாக்குக் கொடுத்துப் பிறந்தது. ஆளுக்கொரு கட்டையைக் கொடுத்துவிட்டது. தேரை நிறுத்த அது போதும். திருப்ப அது உதவாது.

முதல் முயற்சியே இதற்குச் சாட்சி. 1950இல் கொரியப் போர் தொடங்கியதும் மேற்கு ஜெர்மனியின் கையில் மீண்டும் ஆயுதம் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்கா வற்புறுத்தியது. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஐந்தே ஆண்டுகள். பிரெஞ்சுக்காரர்களுக்கு அடிவயிறு கலங்கியது. ஜெர்மன் வீரர்கள் இருக்கட்டும், ஜெர்மன் ராணுவம் வேண்டாம் என்று யோசித்த பிரதமர் ரெனே ப்ளெவன், அந்த அக்டோபரில் ஐரோப்பிய ராணுவம் ஒன்றை முன்மொழிந்தார். 1952 மே 27 அன்று ஆறு நாடுகள் பாரிஸில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பொது பட்ஜெட், பொதுச் சீருடை என்று காகிதத்தில் குறையேதும் இல்லை. ஆனால் போர் என்று வந்தால் இந்தப் படை நேட்டோவின் தலைமைத் தளபதிக்குக் கீழ்ப்பட வேண்டும். அந்தத் தளபதி எப்போதும் அமெரிக்கர். ஐரோப்பியச் சீருடை அணிந்து அமெரிக்க ஆணைக்கு நிற்பதற்காகவா நம் ராணுவத்தைக் கலைப்பது என்று பிரான்சில் ஜெனரல் தெகோலின் ஆட்கள் கேட்டார்கள். கம்யூனிஸ்ட்டுகளுக்கு எதிர்க்க வேறு காரணம் இருந்தது. 1954 ஆகஸ்ட் 30 அன்று பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்பந்தத்தின் உள்ளடக்கத்தை விவாதிக்கக்கூட மறுத்து, 319க்கு 264 என்ற வாக்கில் அதை ஓரங்கட்டியது. தோற்கடித்தவர்கள் அவையிலேயே எழுந்து நின்று தேசிய கீதம் பாடினார்கள். யோசனையைப் பெற்றெடுத்த நாடே அதைக் கொன்றது. அடுத்த மே மாதமே மேற்கு ஜெர்மனி தனி ராணுவம் அமைக்கும் உரிமையோடு நேட்டோவில் சேர்ந்தது. எதைத் தடுக்க இத்தனை பாடுபட்டார்களோ, அது நடந்தே விட்டது.

1956இல் சூயஸ் கால்வாயை மீட்கப் போன பிரிட்டனையும் பிரான்சையும் அமெரிக்கா பாதி வழியில் திருப்பி அனுப்பியது. பவுண்டின் மதிப்பு சரிந்துகொண்டிருந்தபோது கைகொடுக்க மறுத்ததே போதுமாக இருந்தது. இந்த ஒரே அவமானத்திலிருந்து இரண்டு தலைநகரங்களும் நேர் எதிரான பாடம் கற்றன. இனி வாஷிங்டனை விட்டு விலகக் கூடாது என்று லண்டன் முடிவுசெய்தது. இனி வாஷிங்டனை நம்பக் கூடாது என்று பாரிஸ் முடிவுசெய்தது. 1960 பிப்ரவரியில் அல்ஜீரியாவின் சகாரா பாலைவனத்தில் பிரான்ஸ் அணுகுண்டு வெடித்தது. 1966இல், அப்போது அதிபராக இருந்த தெகோல் நேட்டோவின் ஒருங்கிணைந்த ராணுவக் கட்டமைப்பிலிருந்து வெளியேறினார். ஆனால் அது பிரான்சின் தன்னாட்சி. ஐரோப்பாவுடையது என்று சொல்ல முடியாது. குண்டு வெடித்தது அல்ஜீரியர்களின் மண்ணில் என்பதையும் மறக்கக் கூடாது.

ராக்கெட் கதைக்கு வருவோம். என் வாதத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. சிம்ஃபனி அமெரிக்க ராக்கெட்டில் போனபோது, ஐரோப்பா அதற்கு முன் ராக்கெட்டே கட்டியதில்லை என்று எண்ண வேண்டாம். 1960களின் தொடக்கத்தில் எல்டோ என்ற கூட்டமைப்பு உருவாகி, யூரோபா என்ற ராக்கெட்டில் இறங்கியது. வேலைப் பிரிவினை சமத்துவத்தின் உச்சம்: முதல் அடுக்கு பிரிட்டனின் புளூ ஸ்ட்ரீக், இரண்டாவது பிரான்சின் கோரலி, மூன்றாவது ஜெர்மனியின் அஸ்ட்ரிஸ். சோதனைச் செயற்கைக்கோள் இத்தாலிக்கு, தரையிலிருந்து வழிகாட்டும் கருவி பெல்ஜியத்துக்கு, தொலை அளவீடு நெதர்லாந்துக்கு. ஏவுதளத்துக்கு ஆஸ்திரேலியாவின் வூமெரா. எல்டோ செயலகத்துக்குப் பெயர் இருந்தது, அதிகாரம் இல்லை. ஒவ்வொரு நாடும் தன் தொழிற்சாலைக்குத் தானே ஒப்பந்தம் கொடுத்தது, தானே கணக்குப் பார்த்தது. ஒரு நாட்டின் அடுக்கும் இன்னொரு நாட்டின் அடுக்கும் சந்திக்கிற மூட்டுக்கு யாரும் பொறுப்பில்லை. புளூ ஸ்ட்ரீக் ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் ஒழுங்காகவே எரிந்தது. கோளாறெல்லாம் அதற்கு மேலே நடந்தது. கடைசியாக 1971 நவம்பரில், தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவின் கூரூ தளத்திலிருந்து ஏவிய யூரோபா-2 சில நிமிடங்களுக்குள் வெடித்துச் சிதறியது. ஒரு செயற்கைக்கோளைக்கூடச் சுற்றுப்பாதையில் நிறுத்தாமலேயே அந்தத் திட்டம் மூடப்பட்டது.

1973 ஜூலை 31 அன்று பிரஸ்ஸல்ஸில் விண்வெளித் துறை அமைச்சர்கள் கூடியபோது மேசையில் இருந்தது வேறு மாதிரியான பேரம். பிரான்சுக்கு ராக்கெட், ஜெர்மனிக்கு, அமெரிக்க விண்கலத்தில் பொருத்தக்கூடிய ஸ்பேஸ்லேப் ஆய்வுக்கூடம், பிரிட்டனுக்குக் கடல்வழித் தொடர்புச் செயற்கைக்கோள். அவரவர்க்கு விருப்பமானதை அவரவர் எடுத்துக்கொள்ள, மற்றவர்கள் அதில் சிறிது பணம் போடுவார்கள். அரியான் என்று பெயரிடப்பட்ட ராக்கெட்டின் செலவில் 60 விழுக்காட்டுக்கும் மேல் பிரான்ஸ் ஏற்றது; மதிப்பீட்டைத் தாண்டிச் செலவு எகிறினால் அந்தச் சுமையையும் தாங்குவதாகச் சொன்னது. பதிலுக்கு அது கேட்டது ஒன்றே ஒன்று: நிர்வாகம் எங்கள் விண்வெளி நிறுவனத்தின் கையில் இருக்க வேண்டும். முட்டுக்கட்டை ஒரே கைக்குப் போனது. 1979 டிசம்பர் 24 அன்று கூரூவிலிருந்து முதல் அரியான் கிளம்பி, முதல் முயற்சியிலேயே சுற்றுப்பாதையைத் தொட்டது. இரண்டாவது கடலில் விழுந்தது. யாரும் திட்டத்தை மூடவில்லை. 1980இல் அரியான்ஸ்பேஸ் நிறுவனம் பிறந்தது. 1990களில் உலகின் வணிகச் செயற்கைக்கோள்களில் ஏறக்குறையப் பாதியை அரியான் ஏற்றிச் சென்றது. சிம்ஃபனிக்கு விதித்த நிபந்தனை, விதித்தவருக்கே ஒரு போட்டியாளரை உருவாக்கிக் கொடுத்துவிட்டது.

இந்த இடத்தில் தமிழ் வாசகர்களுக்குப் பழக்கமான ஓர் ஊர் குறுக்கிடுகிறது. 1981 ஜூனில் மூன்றாவது அரியானில் போனது இந்தியாவின் ஆப்பிள் செயற்கைக்கோள். பெங்களூரில் மாட்டு வண்டியில் ஏற்றி நிறுத்திச் சோதித்த புகைப்படத்தால் உலகறிந்த அதே ஆப்பிள். அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே அரியானின் வைக்கிங் எஞ்சினைச் செய்த பிரெஞ்சு நிறுவனத்தோடு இஸ்ரோ ஒப்பந்தம் போட்டிருந்தது. தொழில்நுட்பத்துக்கு ஈடாக இந்தியா கொடுத்தது பெருந்தொகை அன்று. பொறியாளர்களின் உழைப்பும் அழுத்தம் அளக்கும் உணர்கருவிகளும்தான். நாகர்கோவில்காரரான நம்பி நாராயணன் தலைமையில் இஸ்ரோ பொறியாளர்கள் பிரான்சின் வெர்னோன் நகரில் போய் வேலை செய்தார்கள். அங்கே கற்றது விகாஸ் எஞ்சினாகித் திருநெல்வேலி மாவட்டத்தின் மகேந்திரகிரியில் இன்றும் சோதனைக்கு எரிகிறது, பி.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் அடுக்கு அதுவே. தன்னாட்சி என்றால் ஒவ்வொரு திருகாணியையும் நாமே செய்வது என்ற எண்ணத்துக்கு மகேந்திரகிரி நல்ல மறுப்பு. வாங்கலாம், வாங்கிய பின் கொடுத்தவர் அனுமதி இல்லாமல் செய்யவும் ஓட்டவும் முடிகிறதா என்பதே கேள்வி.

ராணுவத் துறையில் இதற்கிடையே பழைய பல்லவியே தொடர்ந்தது. 1991இல் யூகோஸ்லாவியா உடைந்தபோது இது ஐரோப்பாவின் வேளை, அமெரிக்காவின் வேளை அல்ல என்று லக்சம்பர்க் வெளியுறவு அமைச்சர் அறிவித்தார். அந்த உடைவில் மூண்ட போருக்கு முடிவு பேசப்பட்டது 1995இல், அமெரிக்காவின் ஒஹையோவில் ஒரு விமானப்படைத் தளத்தில். வெட்கப்பட்ட பிரிட்டிஷ் பிரதமர் பிளேரும் பிரெஞ்சு அதிபர் சிராக்கும் 1998 டிசம்பரில் பிரான்சின் செய்ன்ட்-மாலோ துறைமுகத்தில் சந்தித்து, ஒன்றியத்துக்குத் தானே இயங்கும் படைபலம் வேண்டும் என்று கூட்டறிக்கை விட்டார்கள். அடுத்த ஆண்டு ஹெல்சிங்கியில் இலக்கும் குறித்தார்கள்: 60 நாளில் களமிறக்கி ஓராண்டு நிறுத்தக்கூடிய 50,000 முதல் 60,000 வீரர்கள், 2003க்குள். அந்த அளவில் ஒரு படை களமிறங்கியதே இல்லை. 2007 முதல் 1,500 பேர் கொண்ட போர்க்குழுக்கள் முறைவைத்துத் தயார்நிலையில் நின்றன. ஒருமுறைகூட அவை அனுப்பப்படவில்லை. வெளியுறவிலும் பாதுகாப்பிலும் ஒன்றியம் ஒருமனதாக முடிவெடுக்க வேண்டும் என்பது விதி. எல்லாரும் சம்மதிக்கிற போர் என்று ஒன்று உலகில் உண்டா என்ன?

அதே காலத்தில் கலிலியோ என்ற வழிகாட்டிச் செயற்கைக்கோள் திட்டம் எப்படிப் பிழைத்தது என்று பார்த்தால் வித்தியாசம் விளங்கும். அமெரிக்க ராணுவத்தின் ஜி.பி.எஸ். அப்போது உலகம் முழுவதற்கும் இலவசம். 2000 மே மாதம் வரை பொதுமக்களுக்கு வரும் சமிக்ஞையை வேண்டுமென்றே சற்று மங்கலாக்கியும் வைத்திருந்தார்கள். ஐரோப்பா தனக்கென்று ஒன்று கட்டப் போகிறது என்றதும் 2001 டிசம்பரில் அமெரிக்கத் துணைப் பாதுகாப்பு அமைச்சர் பால் உல்ஃபோவிட்ஸ் ஒன்றியத்தின் பாதுகாப்பு அமைச்சர்களுக்கு ஆட்சேபக் கடிதம் எழுதினார். நான்கு மாதம்கூட ஆகவில்லை, அதுவரை தயங்கிக்கொண்டிருந்த அரசுகள் 2002 மார்ச்சில் பணத்தை விடுவித்தன. மறுப்பு ஒன்று வந்தால்தான் ஐரோப்பாவுக்கு வேகம் வருகிறது. ஆனால் திட்டத்தை எட்டு நிறுவனங்களின் கூட்டணியிடம் கொடுத்ததும் யூரோபாவின் பேய் திரும்பி வந்தது: தலைமையகம் எந்த ஊரில், கட்டுப்பாட்டு மையம் எந்த நாட்டுக்கு, தலைவர் யார் என்றே ஆண்டுகள் கழிந்தன. 2007இல் கூட்டணி கலைக்கப்பட்டு, ஒன்றியத்தின் ஆணையம் மொத்தத்தையும் தன் பொறுப்பில் எடுத்தது. பணம் பெரும்பாலும் செலவாகாமல் மிஞ்சிய விவசாயப் பட்ஜெட்டிலிருந்து வந்தது. அந்த நவம்பரில் ஸ்பெயின் எதிர்த்து வாக்களித்தும் முடிவு நின்றது. ஏனென்றால் இது போக்குவரத்து அமைச்சர்களின் கூட்டம். அங்கே பெரும்பான்மை போதும். பாதுகாப்பு அமைச்சர்களின் மேசையில் இதே தாள் போயிருந்தால் அது இன்றும் அங்கேதான் கிடந்திருக்கும். 2016 டிசம்பரில் கலிலியோ சேவைக்கு வந்தது.

இதற்கு எதிராக ஏர்பஸ்ஸைக் காட்டுவார்கள்: பல நாடுகள் இறக்கை, உடல், வால் என்று பங்கிட்டுக்கொண்டு வென்ற கூட்டுத்தொழில்தானே அது? பங்கிட்டது உண்மை. ஆனால் 1969இல் பிரிட்டிஷ் அரசு விலகிய பிறகு பிரான்சும் ஜெர்மனியும் மட்டுமே கையெழுத்திட்டுத் தொடங்கியது அது. இறக்கை செய்த பிரிட்டிஷ் கம்பெனி தன் சொந்தப் பணத்தோடு வந்து சேர்ந்தது. பாகங்களெல்லாம் துலூஸ் நகரில் ஒரே கூரைக்கு வந்தன. முதல் விமானத்துக்கு ரோல்ஸ்-ராய்ஸ் எஞ்சின்தான் வேண்டும் என்ற பிடிவாதத்தையும் விட்டு அமெரிக்க எஞ்சினை மாட்டினார்கள். அதைத் தோல்வி என்று யாரும் கருதவில்லை. கனமான எதிர்வாதம் வேறு: இதெல்லாம் ஐரோப்பியக் கொடி போர்த்திய பிரெஞ்சு ஆசைதானே என்பது. இதை நான் முழுவதும் மறுக்க மாட்டேன். ஏவுதளம் நிற்பது பழைய காலனியில். அதற்காக 1960களில் அங்கே குடியிருந்த குடும்பங்களை நிலத்தை விட்டு எழுப்பினார்கள். வேலையும் பெருமையும் அதிகம் போனது பிரான்சுக்கு. ஆனாலும் பெரும்பங்கு செலவையும் நஷ்ட அபாயத்தையும் அதுவே தாங்கியது. 60 விழுக்காடு கொடுப்பவரும் 2 விழுக்காடு கொடுப்பவரும் ஒரே அளவு கட்டையைப் பிடிக்க வேண்டும் என்றால் கிடைப்பது யூரோபா.

கிழக்கிலிருந்து வருகிற ஆட்சேபத்துக்குப் பதில் சொல்வது இன்னும் கடினம். 2004இல் ஒன்றியத்தில் சேர்ந்த போலந்தும் பால்டிக் நாடுகளும் ரஷ்யாவின் நிழலை நேரில் அனுபவித்தவை. பாரிஸின் வாக்குறுதியை நம்பி வாஷிங்டனின் கையை விடச் சொல்வது, இரவல் சேலையை நம்பி இடுப்புத் துணியை எறியச் சொல்வதுபோல என்று அவை நினைக்கின்றன. 1939இல் பிரெஞ்சு உத்தரவாதம் என்ன செய்தது என்று வார்சாவுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. பீரங்கி விஷயத்தில் அவர்கள் கணக்கு சரி என்றே தோன்றுகிறது. ஆனால் சார்ந்திருப்பதன் விலை பீரங்கியில் மட்டும் தெரிவதில்லை. 2018 மே மாதம் ஈரான் அணு ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்கா விலகியது. ஐரோப்பா விலகவில்லை, ஒப்பந்தத்தைக் காப்போம் என்றது. அமெரிக்கத் தடைக்குப் பயந்து ஐரோப்பியக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக ஈரானை விட்டுக் கிளம்பின. ஏர்பஸ் ஈரானுக்குத் தரவேண்டிய சுமார் நூறு விமானங்களில் மூன்றை மட்டுமே கொடுக்க முடிந்தது. விமானத்தில் பத்து விழுக்காட்டுக்கு மேல் அமெரிக்கப் பாகம் இருந்தால் ஈரானுக்கு விற்க அமெரிக்க உரிமம் வேண்டும். முன்பு புத்திசாலித்தனமாக மாட்டிய எஞ்சின் இப்போது கால்விலங்கானது. டாலரைத் தொடாமல் ஈரானோடு வியாபாரம் செய்ய 2019 ஜனவரியில் பாரிஸில் இன்ஸ்டெக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2020 மார்ச்சில் அதன் வழியே மருத்துவப் பொருள்கள் ஒருமுறை போயின. அது ஒன்றுதான். 2023இல் கடையைக் கட்டினார்கள். இங்கே ஆசைக்கும் குறைவில்லை, அவமானத்துக்கும் குறைவில்லை. ஆனால் அமெரிக்கா தண்டித்தால் நஷ்டத்தை நான் ஏற்கிறேன் என்று சொல்ல 1973இன் பிரான்ஸைப் போல ஒருவர் இல்லை.

அரியானின் வெற்றிக்கும் காவல் தேவைப்பட்டது என்பது பிந்தித்தான் தெரிந்தது. கூரூவிலேயே ரஷ்ய சோயுஸ் ராக்கெட்டுக்கு ஒரு தளம் கட்டிக் கொடுத்து, 2011இல் கலிலியோவின் முதல் இரண்டு சேவைச் செயற்கைக்கோள்களை அதில்தான் ஏற்றினார்கள். விலை மலிவு, நம்பகமும் அதிகம். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கிய சில நாளில் ரஷ்யர்கள் பெட்டி படுக்கையோடு கூரூவை விட்டுப் போனார்கள். 2023 ஜூலையில் கடைசி அரியான்-5 பறந்துவிட்டது. அரியான்-6 தாமதமாகித் தாமதமாகி 2024 ஜூலையில்தான் முதலில் எழுந்தது. நடுவே கலிலியோ செயற்கைக்கோள்கள் கிடங்கில் காத்திருந்தன. 2024 ஏப்ரலில் அவற்றில் இரண்டை அமெரிக்காவுக்கு எடுத்துப் போனார்கள். பாதுகாப்பு ரகசியம் உள்ள பொருள் என்பதால் அதற்கென்றே தனி உடன்பாடு: ஏவுதளத்தில் ஐரோப்பியர்கள் தங்கள் செயற்கைக்கோளை விட்டு அகல வேண்டியதில்லை, விபத்து நேர்ந்தால் சிதறிய துண்டுகளை அவர்களே பொறுக்கிக்கொள்ளலாம். ஜி.பி.எஸ்.ஸை நம்பி இருக்க வேண்டாம் என்று கட்டிய செயற்கைக்கோள்கள், சிம்ஃபனி போன அதே புளோரிடா கடற்கரையிலிருந்து ஃபால்கன்-9 ராக்கெட்டில் ஏறிப் போயின. செப்டம்பரில் இன்னும் இரண்டு.